பிழையை அளந்த விட்வொர்த்



மாணவர் மலர்களில் வாழ்க்கை வரலாறு என்றால் மன்னர், புலவர், நாட்டுத் தலைவர் ஆகியோரின் வரலாறே பெரும்பாலும் இடம் பெறும். அது தக்கதே. ஆயினும் கையில் எண்ணெய்க் கறையும் நகக்கண்ணில் இரும்புத் தூளும் கொண்டு வாழ்ந்து, உலகத்தின் தொழில் வழக்கத்தையே மாற்றிச் சென்றவர் சிலர் உளர். அவர்களுக்கும் நம் மலரில் ஒரு மூலை வேண்டும். அத்தகையோருள் ஒருவரே ஆங்கில நாட்டில் 1803ஆம் ஆண்டு பிறந்து 1887ஆம் ஆண்டு மறைந்த சர் ஜோசப் விட்வொர்த்.

நான் இயற்பியல் முதுகலை மாணவன். தென்காசியிலிருந்து பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்த குடும்பம் எங்களுடையது. தந்தையார் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அரை அங்குலப் போல்ட்டு, அதற்கு நட்டு, வாஷர் என்று கேட்டு வருவோரை அங்கே சிறு வயது முதல் கண்டிருக்கிறேன். கடைப் பையன் ஒரு பெட்டியில் கைவிட்டுப் போல்ட்டை எடுப்பான். வேறொரு பெட்டியில் கைவிட்டு நட்டை எடுப்பான். ஒன்று லூதியானாவில் செய்ததாக இருக்கும்; மற்றொன்று கோயம்புத்தூரில் செய்ததாக இருக்கும். செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருந்தும் இரண்டும் பொருந்தும். இப்படிப் பொருந்தாத காலம் ஒன்று இருந்தது என்பதையும், அதைப் போக்கியவர் இவர் என்பதையும் அறிந்தபோது, இவர் வாழ்க்கையை நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று.

வரைபடம் பேசும் மொழி

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு சிறு விளக்கம் தேவை. இருபது மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளை வேண்டும் என்று தாளில் வரைந்து கடைசல் பட்டறைக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சரியாக இருபது மில்லிமீட்டர் உருளையை உலகில் எவராலும் செய்ய இயலாது. 19.99 வரும், 20.01 வரும், அளவுக் கருவி நுட்பமாக ஆக ஆகப் பிழையும் கண்ணுக்குத் தென்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அறிவுடைய வரைபடம் இருபது என்று சொல்லி நின்றுவிடாது. எத்துணைக் கூடலாம், எத்துணைக் குறையலாம் என்றும் சொல்லும். இதனைப் பட்டறைகளில் டாலரன்ஸ் என்பர். தமிழில் பொறுதி எனலாம். பொறுத்துக்கொள்ளும் அளவு என்பது பொருள்.

அளவுக்கு மட்டும் பொறுதி சொன்னால் போதுமா? போதாது. குறுக்களவு சரியாக இருந்தும் உருளை வளைந்திருக்கலாம். துளை வட்டமாக இருந்தும் இடம் மாறியிருக்கலாம். முகம் வழவழப்பாக இருந்தும் அடித்தளத்துக்குச் செங்குத்தாக இல்லாதிருக்கலாம். ஆகவே வடிவம், சாய்வு, இருப்பிடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எல்லை குறிக்கும் ஒரு குறியீட்டு முறை எழுந்துள்ளது. சிறு கட்டங்களுக்குள் ஓர் அடையாளம், ஓர் எண், ஓர் எழுத்து. சாய்ந்த இணைகரம் என்றால் தட்டையான முகம் வேண்டும் என்று பொருள். வட்டத்துக்குள் கூட்டல் குறி என்றால் இருப்பிடம். பின்னால் வரும் எழுத்து எந்த முகத்தை ஆதாரமாக வைத்து அளக்க வேண்டும் என்பதைச் சொல்லும். இம்மொழியைத்தான் என் ஆய்வுக் கருவிக்காக இவ்வாண்டு கற்று வருகிறேன். கற்கும்போது இதன் வேர்களைத் தேடினேன். எது உண்மையான தட்டை? அதை எப்படி அளப்பது? அயலார் இருவர் செய்த பொருள்கள் எவ்வாறு பொருந்தும்? இம்மூன்று கேள்விகளையும் பட்டறையில் நின்று விடாது கேட்டவர் விட்வொர்த்.

இளமை

ஜோசப் விட்வொர்த் 1803 டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சார்லஸ் பள்ளி ஆசிரியர். பின்னர் சமயப் பணியாளரானவர். தாயைச் சிறுவன் இளமையிலேயே இழந்தான். லீட்ஸ் நகருக்கு அருகே ஐடில் என்னும் இடத்துப் பள்ளியில் சிறிது காலம் பயின்றான். பதினான்காம் வயதில் படிப்பு நின்றது. டெர்பிஷயரில் பஞ்சாலை நடத்திய மாமனிடம் தொழில் கற்க அனுப்பப்பட்டான்.

மாமனின் எண்ணம் பையனை ஆலை வணிகத்தில் பங்காளி ஆக்குவது. பையனின் எண்ணமோ நூலில் நிற்கவில்லை. நூற்கும் எந்திரத்தில் நின்றது. ஆலை எந்திரங்கள் எத்துணை ஒழுங்கின்றிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதை அவ்விளம் வயதிலேயே கண்டான் என்பர். நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மாமன் வீட்டை விட்டு மான்செஸ்டர் சென்று ஓர் எந்திரப் பட்டறையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். செல்வம் காத்திருந்த வீட்டை விட்டுக் கூலிக்கு உழைக்கச் சென்ற அந்த நாளே தம் உண்மையான வாழ்வின் தொடக்கம் என்று அவர் கருதியிருத்தல் வேண்டும்.

இலண்டன் பட்டறைகள்

1825ஆம் ஆண்டு பேனி அங்கர்ஸ் என்னும் பெண்ணை மணந்தார். மனைவியுடன் இலண்டன் சென்றார். அந்நாளில் எந்திரத் தொழிலுக்கு இலண்டனில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது என்றால், அது ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையே ஆகும். கடைசல் எந்திரத்தைச் செப்பம் செய்தவர் மாட்ஸ்லே. துல்லியமான திருகை வெட்டுவதில் இணையற்றவர். அவரிடம் பயின்றவர் பலர் பிற்காலத்தில் பெயர் பெற்றனர். விட்வொர்த் அவர்களுள் ஒருவரானார். பின்னர் ஹோல்ட்சாப்பெல் பட்டறையிலும், அதன் பின் ஜோசப் கிளெமெண்ட் என்பவரிடமும் பணி செய்தார். இன்றைய கணிப்பொறிக்கு முன்னோடி எனப்படும் சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் பொறிக்கு உறுப்புகள் செய்துகொண்டிருந்தவர் இந்தக் கிளெமெண்டே. ஆயிரக்கணக்கான உறுப்புகள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தினாலன்றி அப்பொறி இயங்காது. நுட்பத்தின் அருமையை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் பள்ளி வேறு எது?

1833ஆம் ஆண்டு மான்செஸ்டர் திரும்பி, சார்ல்டன் தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக் கருவிகள் செய்யும் தொழிலைத் தாமே தொடங்கினார். அப்பொழுது அவர் வயது இருபத்தொன்பது.

மூன்று தட்டுகள்

விட்வொர்த்தின் முதற்பெரும் பணி ஒரு தட்டையான இரும்புத் தட்டைச் செய்தது. இது ஒரு பெருமையா என்று கேட்கலாம். எந்திரத் தொழிலில் எல்லாம் ஒரு சமதளத்திலிருந்தே அளக்கப்படுகின்றன. அத்தளமே பிழை என்றால் அதன் மேல் எழுந்த அளவு அனைத்தும் பிழை.

அதுவரை இரண்டு தட்டுகளுக்கு இடையே எமரிப் பொடி இட்டுத் தேய்த்துச் சமதளம் செய்து வந்தனர். ஒளியியல் பயிலும் நம் மாணவர்களுக்கு இதிலுள்ள குறை உடனே விளங்கும். இரண்டு கண்ணாடி வில்லைகளைப் பொடியிட்டுத் தேய்த்தால் ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் போகும்; தொலைநோக்கி ஆடி செய்வோர் அவ்வாறுதான் செய்கின்றனர். இரண்டும் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் பொருந்தும். ஆனால் இரண்டில் ஒன்றேனும் தட்டை அன்று.

விட்வொர்த் தேய்ப்பதை விலக்கினார், சுரண்டுவதை மேற்கொண்டார். இரண்டுக்குப் பதில் மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டார். ஒரு தட்டின் மேல் எண்ணெயில் குழைத்த ஈயச் செந்தூரத்தை மெல்லப் பூசி, மற்றொன்றை அதன் மேல் வைத்து நகர்த்தினால், மேடான இடங்களில் மட்டும் செந்நிறம் ஒட்டும். அவ்விடங்களைக் கூரிய சுரண்டியால் கையாலேயே சுரண்டி எடுக்க வேண்டும். மீண்டும் பூச வேண்டும். மீண்டும் சுரண்ட வேண்டும். முதல் தட்டோடு இரண்டாவதைப் பொருத்தியபின், அதே முதல் தட்டோடு மூன்றாவதையும் பொருத்த வேண்டும். முதல் தட்டுக் குவிந்திருந்தால் மற்ற இரண்டும் குழிந்திருக்கும். இப்பொழுது இரண்டாவதையும் மூன்றாவதையும் எதிரெதிரே வைத்தால் குழியும் குழியும் சந்திக்கும். விளிம்புகள் மட்டும் ஒட்டும். நடுவில் இடைவெளி தெரியும். பிழை பிடிபட்டுவிடும். மூன்றும் எவ்விணையாக வைத்தாலும், எவ்வாறு திருப்பி வைத்தாலும், முகம் முழுவதும் ஒட்டுமானால் அவை மூன்றும் சமதளமாகவே இருத்தல் வேண்டும். வேறு வழியில்லை.

இதில் உள்ள அழகைக் கவனியுங்கள். முன்மாதிரியான ஒரு சமதளம் எங்கும் இல்லை. அரசாங்கப் பெட்டகத்தில் பூட்டி வைத்த மூலத்தட்டு ஒன்றும் இல்லை. பிழையுள்ள மூன்று தட்டுகளை வைத்துக்கொண்டு பிழையற்ற நிலையை நெருங்கலாம். இருவர் கூடி ஒரு பிழையில் உடன்பட்டு விடலாம். மூன்றாம் சாட்சி வந்தால் அவ்வுடன்பாடு கலையும். அறிவியலில் நாம் மேற்கொள்ளும் சோதனை முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மாட்ஸ்லேயின் பட்டறையிலும் சமதளத் தட்டுகள் இருந்தன. ஆகவே இம்முறையின் பெருமை எவ்வளவு ஆசிரியருக்குரியது, எவ்வளவு மாணவருக்குரியது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் தேய்ப்பை விடுத்துச் சுரண்டும் முறையை விளக்கி, 1840ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கூடிய அறிவியல் மாநாட்டில் உலகறியச் சொன்னவர் விட்வொர்த் என்பதில் ஐயமில்லை. கற்றதை மறைத்து வைத்துப் பிழைக்கும் பட்டறை வழக்கத்தில் இது பெருஞ்செயல்.

மரைக்கு ஓர் ஒழுங்கு

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. அங்குலத்துக்கு எத்தனை புரி, புரியின் கோணம் என்ன, ஆழம் என்ன என்பதெல்லாம் அந்தந்த மேஸ்திரியின் மனம்போல் அமைந்தன. ஓர் எந்திரத்தில் ஒரு போல்ட்டு முறிந்தால் அதைச் செய்த பட்டறைக்கே ஓட வேண்டும். அப்பட்டறை மூடப்பட்டிருந்தால் எந்திரமும் மூடப்பட வேண்டியதே.

விட்வொர்த் தம் அறிவில் தோன்றிய ஒரு மரையை நாட்டின் மேல் திணிக்கவில்லை. நாட்டின் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைத் திரட்டினார். அவற்றை அளந்தார், ஒப்பிட்டார், சராசரி கண்டார். அதன் அடிப்படையில் 1841ஆம் ஆண்டு இலண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தில் தம் திட்டத்தை வைத்தார். புரியின் கோணம் எல்லா அளவுக்கும் 55 பாகை. முடியும் அடியும் உருண்டிருக்க வேண்டும். கால் அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 புரி. அரை அங்குலத்துக்கு 12 புரி. ஓரங்குலத்துக்கு 8 புரி. அவ்வளவே திட்டம். எல்லாரிடமும் சிறிது சிறிது வாங்கி அமைத்ததால், எல்லாரும் சிறிது சிறிது விட்டுக்கொடுத்து ஏற்றுக்கொண்டனர். சில பத்தாண்டுகளில் இருப்புப்பாதைகளும் கப்பல் தளங்களும் அதனையே வழங்கின.

கடல் கடந்து ஆங்கிலேயர் அனுப்பிய எந்திரங்களோடு அந்த மரையும் இந்தியா வந்தது. அமெரிக்காவிலோ 1864ஆம் ஆண்டு வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 பாகைக் கோணம் செய்வதற்கு எளிது என்று காட்டினார். அந்நாடு அவ்வழி சென்றது. இன்று உலகெங்கும் வழங்கும் மெட்ரிக் மரையின் கோணமும் 60 பாகையே. நம் நாடு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுக்கு மாறியது. விட்வொர்த்தின் 55 பாகை மெல்ல மெல்ல ஒதுங்கிற்று. ஆயினும் ஒரு நாட்டுக்கு ஒரு மரை என்ற எண்ணம் ஒதுங்கவில்லை. உலகுக்கே ஒரு மரை என்று வளர்ந்தது.

பத்து இலட்சத்தில் ஒரு பங்கு

நம் ஊர்த் தச்சர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பர். மூன்று நூல், மூன்று நூல் விட்டம், மூன்று நூலுக்குக் கொஞ்சம் குறைவு என்று பேசுவர். இங்கிலாந்துப் பட்டறைகளிலும் அன்று இத்தகைய பேச்சே நிலவியது. பதினாறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், முப்பத்திரண்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்பர். சற்று என்பது எவ்வளவு? சொல்பவர் மனத்தில் ஒன்று. கேட்பவர் மனத்தில் ஒன்று. இந்தச் சற்று என்னும் சொல்லையே பட்டறையிலிருந்து துரத்த வேண்டும் என்று விட்வொர்த் முனைந்தார். அங்குலத்தைப் பதின்மானமாக, ஆயிரத்தில் ஒரு பங்காகப் பிரித்து எண்ணால் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினார்.

சொன்னதோடு நில்லாமல் அளக்கும் பொறியையும் செய்தார். 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் அவருடைய கருவிகளும் அளவுப் பொறியும் பார்த்தோரை வியக்கச் செய்தன. அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அவருடைய பொறியின் கணக்கு எளியது. அங்குலத்துக்கு 20 புரி உள்ள திருகு. அதைச் சுழற்றும் சக்கரத்துக்கு 200 பற்கள். அச்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும் கைச்சக்கரத்தின் விளிம்பில் 250 பிரிவுகள். இருபதை இருநூறாலும் இருநூற்றைம்பதாலும் பெருக்கிப் பாருங்கள். பத்து இலட்சம் வரும். கைச்சக்கரம் ஒரு பிரிவு நகர்ந்தால் அளவு முனை பத்து இலட்சத்தில் ஓர் அங்குலம் நகரும். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

அத்துணைச் சிறு வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. ஆகவே அவர் தொடுவுணர்வை நம்பினார். இரண்டு உண்மையான சமதளங்களுக்கு இடையே அளக்க வேண்டிய பொருளோடு ஒரு மெல்லிய எஃகுத் துண்டையும் வைத்தார். இறுக்கம் இருந்தால் துண்டு தொங்கி நிற்கும். இறுக்கம் மிகச் சிறிதே தளர்ந்தாலும் தன் எடையால் நழுவி விழும். ஒரு கஜ நீள எஃகுக் கம்பியை விரல் நகத்தால் தொட்டாலே, அச்சூட்டில் அது நீள்வதை இப்பொறி காட்டிவிடும். நம் நகரத்து வெயிலில் இதை எண்ணிப் பாருங்கள். இன்று உலகம் அளவு எடுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் அறையோ 32 பாகை. நூறு மில்லிமீட்டர் எஃகு அதற்குள் ஏறத்தாழ 14 மைக்ரான் நீண்டிருக்கும். நுட்பமான பொறுதி அதற்கும் குறைவாக இருக்கக் கூடும்.

இன்னொரு சோதனையும் அவர் செய்து காட்டுவது வழக்கம். 0.5770 அங்குலத் துளையுள்ள ஒரு வளையம். அதற்கு இரண்டு உருளைகள். ஒன்று 0.5770 அங்குலம், மற்றொன்று 0.5769. முதல் உருளை தூசின்றித் துடைத்து எண்ணெய் தடவினால்தான் இறுக்கமாக நுழையும். இரண்டாவது தொளதொளவென்று ஆடும். பதினாயிரத்தில் ஓர் அங்குலத்தைப் படிக்காத தொழிலாளியின் கையும் உணரும் என்பதை அவர் மெய்ப்பித்தார். வளையமும் உருளையுமான இத்தகைய மாதிரி அளவுகளை வைத்துக்கொண்டால், ஒருவர் மற்றவரை நேரில் காணாமலே ஒரே அளவில் வேலை செய்யலாம்.

போரும் துப்பாக்கியும்

இத்துணை நுட்பத்தின் பயன் உலகுக்கு முதலில் போரில் தெரிந்தது என்பது வருந்தத் தக்கது. கிரீமியப் போரின்போது ஆங்கிலக் கடற்படைக்குச் சிறு பீரங்கிக் கப்பல்களின் எந்திரங்கள் உடனே தேவைப்பட்டன. ஜான் பென் என்னும் பொறியாளர் ஒரு மாதிரி எந்திரத்தைக் கழற்றி, அதன் உறுப்புகளைப் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்வித்தார். தொண்ணூறு நாட்களில் தொண்ணூறு எந்திரத் தொகுதிகள் முடிந்தன என்று பொறியியல் வரலாறு கூறும். எல்லாப் பட்டறையிலும் ஒரே மரை வழங்கியமையால்தான் இது கைகூடிற்று.

பின்னர் அரசாங்கம் நல்ல துப்பாக்கிக் குழல் செய்யும் வழியை விட்வொர்த்திடம் கேட்டது. அவர் தம் இயல்புப்படி முதலில் அளக்கத் தொடங்கினார். நீண்ட கூடம் ஒன்றைக் கட்டிக் குண்டு செல்லும் வழியை ஆராய்ந்தார். 0.451 அங்குலத்தில் அறுகோணத் துளை கொண்ட துப்பாக்கியை உருவாக்கினார். 1857ஆம் ஆண்டுச் சோதனையில் அது படையில் வழங்கிய என்பீல்டு துப்பாக்கியைக் குறிதவறாமையில் வென்றது. எனினும் படை அதனை ஏற்கவில்லை. விலை மிகுதி, துளையில் கரி விரைவில் படியும் என்பன காரணம். 1860ஆம் ஆண்டு விம்பிள்டனில் விக்டோரியா அரசி நானூறு கஜத்திலிருந்து இத்துப்பாக்கியைக் கயிறிழுத்துச் சுட்டபோது, குண்டு குறியின் நடுவுக்கு மிக அருகில் பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னகப் படையின் குறிகாரர்கள் இதனைக் கொண்டு தொலைவிலிருந்த மனிதரை வீழ்த்தினர்.

இப்பகுதியை மறைத்து அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை. அளவு நுட்பம் தனக்கென ஒரு நெறியை உடையதன்று. அதே ஆயிரத்தில் ஒரு பங்கு தையல் எந்திரத்தையும் செய்யும், துப்பாக்கியையும் செய்யும். எதற்குச் செய்கிறோம் என்ற கேள்விக்கு எந்த அளவுப் பொறியும் விடை காட்டாது. அது நாம் சொல்ல வேண்டிய விடை.

கல்விக் கொடையும் இறுதியும்

1868ஆம் ஆண்டு விட்வொர்த் ஆண்டுக்கு மூவாயிரம் பவுன் வருவாயைக் கல்விக்கு ஒதுக்கி, நூறு பவுன் வீதம் முப்பது உதவித்தொகைகளை நிறுவினார். இவ்வுதவியின் சிறப்பு அதன் நிபந்தனையில் உள்ளது. கணிதமும் எந்திரவியலும் அறிந்தால் மட்டும் போதாது. கையால் வேலை செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். கைத்தொழிலில் வல்லவன் ஏட்டறிவையும், ஏட்டறிவு உடையவன் கைத்தொழிலையும் நாட வேண்டும் என்பதே அவர் கருத்து. பதினான்கு வயதில் பள்ளியை விட்டவருக்கு இரண்டின் அருமையும் தெரியும். அவ்வுதவித்தொகை இன்றும் வழங்கப்பட்டு வருகிறது.

1869ஆம் ஆண்டு அரசு அவருக்குப் பாரனெட் பட்டம் வழங்கியது. தம் முடிவில் விடாப்பிடியானவர் அவர். அதனால் பகையும் தேடிக்கொண்டார். பீரங்கித் தொழிலில் ஆம்ஸ்ட்ராங்குடன் அவருக்கு நெடுங்காலப் போட்டி இருந்தது. இருவர் நிறுவனங்களும் 1897இல் ஒன்றாயின. அதைக் காண விட்வொர்த் உயிரோடு இல்லை. 1887 ஜனவரி 22ஆம் நாள் மான்டி கார்லோவில் அவர் மறைந்தார். மக்கட்பேறு இல்லாத அவருடைய செல்வம் மான்செஸ்டரில் பூங்காவாகவும் கலைக்கூடமாகவும் மருத்துவப் பணியாகவும் நின்று நிலவுகிறது.

அவருக்குப் பின்

விட்வொர்த் அளவைக் கற்பித்தார். பொறுதிக்கு இலக்கணம் பின்வந்தோர் எழுதினர். 1905ஆம் ஆண்டு வில்லியம் டெய்லர் என்பவர், நுழைய வேண்டிய மாதிரி அளவு முழு வடிவத்தையும் ஒருசேரச் சோதிக்க வேண்டும், நுழையக் கூடாத மாதிரியோ ஒவ்வோர் அளவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்ற நெறியை வகுத்தார்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், ஸ்காட்லாந்தில் ஒரு டார்பிடோத் தொழிற்சாலையில் பணியாற்றிய ஸ்டான்லி பார்க்கர் ஒரு புதுமையைக் கண்டார். பிழை என்று தள்ளப்பட்ட உறுப்புகள் பல எந்திரத்தில் சரியாகவே பொருந்தின! காரணத்தைத் தேடினார். ஒரு துளையின் நடு இடம் வலமாக 0.1, மேல் கீழாக 0.1 மில்லிமீட்டர் விலகலாம் என்று வரைபடம் சொன்னால், அனுமதித்த இடம் ஒரு சதுரம். சதுரத்தின் மூலை நடுவிலிருந்து 0.141 தொலைவில் உள்ளது, அத்துளை ஏற்கப்படும். நேர் பக்கமாக 0.12 விலகிய துளையோ நடுவுக்கு அதைவிட அருகில் இருந்தும் தள்ளப்படும். துளைக்குள் நுழையும் போல்ட்டுக்கு மூலை ஏது, பக்கம் ஏது? ஆகவே எல்லை வட்டமாக இருக்க வேண்டும் என்றார் பார்க்கர். சதுரத்தின் மூலைகளைத் தொடும் வட்டத்தின் பரப்பு நூற்றுக்கு 57 பங்கு கூடுதல். நல்ல வேலை குப்பைக்குப் போவது அவ்வளவு குறைந்தது. இன்று நாம் எழுதும் இருப்பிடக் குறியின் பிறப்பு இதுவே. நம் நாட்டில் இந்தியத் தர நிலையத்தின் ஐ.எஸ். 8000 என்னும் தரநூல் இக்குறிகளுக்கு வழிகாட்டுகிறது.

நமக்கு

நாம் வாழும் இந்நகரத்துக்கு இச்செய்தி அயலானதன்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பையிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் வானேறியது. அது அமெரிக்காவிலிருந்து வந்த ராக்கெட்டு. நான்கு ஆண்டுகள் கழிந்து 1967இல் நம் நாட்டிலேயே செய்த ரோகிணி எழுந்தது. இன்று ஏவப்படும் ராக்கெட்டுகளின் உறுப்புகள் நாட்டின் பல மூலைகளில் உள்ள தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன. ஒரு பக்கத்துத் துளையும் மறு பக்கத்துத் துளையும் முதன்முதலாகச் சந்திப்பது கூட்டிணைக்கும் இடத்தில்தான். அங்கே அவை பொருந்துவது வரைபடத்தில் இட்ட சிறு கட்டங்களால்.

பட்டறைகளில் நான் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மாணவர் யார் வரைபடம் கொண்டு சென்றாலும் அனுபவமுள்ள கடைசல் தொழிலாளி மூன்று கேள்விகள் கேட்பார். இதை எந்த முகத்திலிருந்து அளப்பது? எவ்வளவு விடலாம்? இந்த முகம் எதோடு சேர்கிறது? படிப்பு எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ ஆக இருக்கும். ஆனால் ஆதாரம், பொறுதி, பயன் ஆகிய மூன்றையும் அவர் கேட்டுவிட்டார். இக்கேள்விகளுக்கு வரைபடத்தில் விடை இல்லையென்றால் அவர் தாமே ஒரு விடையை ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகம் தவறினால் பழி அவர் தலையில், பொருள் குப்பையில், அன்றைய கூலியும் சில வேளை கேள்விக்குறியில். வரைந்தவன் பெயரோ எங்கும் வராது.

தாளில் பொறுதி எழுதுவது ஓர் எழுத்தர் வேலை என்று நம்முள் சிலர் இகழ்கிறோம். எண்ணிப் பார்த்தால் அது ஒரு நேர்மை. இதற்கு மேல் உன்னிடம் கேட்க மாட்டேன், இதற்குக் கீழ் நீயும் தரக் கூடாது என்று செய்பவனுக்கும் செய்விப்பவனுக்கும் இடையே எழுதும் உடன்படிக்கை. தேவையின்றி நுண்ணிய எல்லை கேட்பவன் தொழிலாளியின் நேரத்தைத் திருடுகிறான். எல்லையே சொல்லாதவன் தன் பொறுப்பை அவன் தோளில் ஏற்றுகிறான். சற்று என்னும் சொல்லைப் பட்டறையிலிருந்து விரட்ட விட்வொர்த் வாழ்நாள் முழுவதும் உழைத்தார். அச்சொல் நம் வரைபடங்களில் மீண்டும் குடியேறாமல் காப்பது நம் கடமை.

அறிவியல் மாணவர்களே, அடுத்த முறை ஒரு கருவிக்குப் படம் வரையும்போது, அதைக் கையில் வாங்கப்போகும் மனிதரை முதலில் நினையுங்கள். பிறகு கோடு போடுங்கள்.